சுற்றாடல் விஞ்ஞானம் கிடைத்த மகளின் தாயாருக்கு

அன்புள்ள அம்மா,

மகளுக்கு மருத்துவத்துக்குரிய இசட் புள்ளி கிடைக்காமல், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் கிடைத்திருப்பதைச் சொல்லி, "இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது தடவையும் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுவதைவிட இந்த இடத்தை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021இல்தான் வவுனியா தனிப் பல்கலைக்கழகமானது என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

அண்மையில் திருகோணமலை நிலாவெளியில் ஒரு கிணற்றடியில், இறுதியாண்டு மாணவி ஒருவர் வாளியில் அள்ளிய நீருக்குள் சிறிய மீற்றரை அமிழ்த்தி உவர்ப்பைக் குறித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா, "கார்த்திகை மழைக்குப் பிறகும் ஒருக்கா வாங்கோ பிள்ளை, அப்ப தண்ணி வேற மாதிரி இருக்கும்" என்றார். மாணவி அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். வருங்காலத் தலைமுறையின் வளத்தைக் கெடுக்காமல் முன்னேறும் நிலைபேறான அபிவிருத்திக்குப் பல்கலைக்கழகம் ஆற்றக்கூடிய முதன்மையான பணி அந்தக் கொப்பியில் இருந்தது என்றே நினைக்கிறேன். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் நீரும் கடலும் தனித்தனி இலக்குகளாக உள்ளன; ஆனால் நம் கிணற்றையும் புறாத்தீவின் முருகைக்கற்களையும் ஆண்டுதோறும் அளந்து வைக்க ஆளில்லாவிட்டால், அந்த இலக்குகள் காகிதத்திலேயே நின்றுவிடும்.

இதில்தான் வேலையும் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ், சூழல் தாக்க மதிப்பீடு (ஒரு திட்டம் சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்வது) தேவைப்படும் பெருந்திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்காக 30 நாட்கள் திறந்து வைக்கப்பட வேண்டும். சம்பூர் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்படும்வரை மூதூர்ப் பக்கத்து மக்களுக்கு எவ்வளவு கவலை இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கவலையை அளவீடுகளோடு எழுதிக் கொடுக்கக்கூடிய நம் பிள்ளைகள் போதிய அளவில் இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அத்தகைய அறிக்கைகளைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களிலும், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், சமுத்திரச் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை போன்றவற்றிலும் இப்பட்டத்துக்குப் பொருத்தமான பணிகள் உண்டு.

அரச நியமனம் உடனே கிடைக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட மாட்டேன், தாமதமாகலாம். அதனால் முதலாண்டிலிருந்தே புள்ளிவிபரவியலையும், கணினியில் வரைபடம் தயாரிக்கும் புவியியல் தகவல் முறைமையையும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதையும் மகள் கவனமாகப் பழக வேண்டும். சிங்களமும் தெரிந்தால் வேலைத்தளத்தில் பெரிதும் உதவும். இறுதியாண்டு ஆய்வை, மேற்பார்வையாளர் சம்மதித்தால், கொட்டியாரக் குடாவிலோ தம்பலகாமத்து வயல்வெளியிலோ செய்யட்டும். நேர்முகப் பரீட்சையில் சான்றிதழைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

பதிவுக்கான இறுதித் தினத்துக்கு முன்னர் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். விடுதி வசதியையும் மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.