ஃபேன்டஸி பேஸ்பால் லீகில் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் ஏலத்துக்கு எப்படி விதி எழுதுவது?

கேட்டவரின் நிலவரம் சுருக்கமாக இது: அமெரிக்காவில் ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் 12 அணி லீக். நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து ஆளாளுக்குக் கற்பனை அணி கட்டி, நிஜ ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதை வைத்துப் போட்டி போடுவதுதான் ஃபேன்டஸி லீக். ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் போட்டுப் பல வருஷம் வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு (இவர்தான் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்) மற்றவர்கள் ஏலம் கேட்கலாம். பழைய ஓனர் அதே தொகைக்கு ஒத்துக்கொண்டால் (இதுதான் "மேட்ச்") ஆட்டக்காரர் அவரிடமே இருப்பார். இரண்டு வருஷமாக யாரும் உருப்படியாக ஏலமே கேட்பதில்லை, நட்சத்திர ஆட்டக்காரர்கள் எல்லாம் சொற்ப விலைக்குப் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

என் பதில்: பழைய ஓனரையும் மற்றவர்களோடு சேர்த்து, அதே நேரத்தில், மூடிய உறையில் தொகை எழுத வையுங்கள். எல்லோருடைய சீட்டையும் பார்த்துவிட்டுக் கடைசியில் வாய் திறக்கும் வசதியை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு பெரிய சண்டை தேவைப்பட்டது.

நியூ ஜெர்சியில் ஒரு ஆபீஸ் லீகுக்குப் பல வருஷம் கமிஷனராக, அதாவது லீகை நடத்துபவராக, இருந்தேன். பேஸ்பால் தெரிந்து ஒன்றும் சேரவில்லை. 12 பேர் வேண்டும், 11 பேர்தான் இருந்தார்கள், பக்கத்து சீட்டில் நான் இருந்தேன், அவ்வளவுதான். எக்செல்லில் கணக்குப் போடத் தெரிந்தவன் என்பதால் பின்னால் கமிஷனர் வேலையும் என் தலையில் விழுந்தது. தலைக்கு 260 டாலர், அதில் 23 ஆட்டக்காரர்கள். நிஜப் பணம் இல்லை, லீகுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பணம். 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ரோட்டிசரி லீகின் மரபில் வந்த எண்கள் இவை. அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயர்தான் அந்த ஆட்ட முறைக்கே பெயராகிவிட்டது.

ஒரு வேடிக்கை, நிஜப் பேஸ்பாலில் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் என்று ஒரு வகையே கிடையாது. மேஜர் லீகில் ஆறு வருஷ சர்வீஸ் முடித்த ஆட்டக்காரர், ஒப்பந்தமும் முடிந்துவிட்டால் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அதற்கு முன்னால் அணிதான் வைத்திருக்கும். இடைப்பட்டவர்களின் சம்பளத்தை நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுபோகலாம். "யார் வேண்டுமானாலும் விலை சொல்லுங்கள், பழைய அணி மேட்ச் செய்யலாம்" என்கிற ஏற்பாடு கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி ஆகியவற்றிலிருந்து நம் ஃபேன்டஸி ஆட்கள் கடன் வாங்கியது. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு ஆர்டிஎம் (ரைட் டு மேட்ச்) கார்டு என்றால் சட்டென்று புரியும்.

கடன் வாங்கும்போது அதன் நோயும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு ஆட்டக்காரருக்கு 25 டாலர் வரை கொடுக்கலாம் என்று பழைய ஓனர் மனதுக்குள் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். நீங்கள் 20 கேட்டால் மேட்ச் செய்துவிடுவார். 24 கேட்டாலும் அதேதான். 30 கேட்டால் "நீயே வைத்துக்கொள்" என்று சிரித்தபடி விட்டுவிடுவார். ஆக, அவர் மதிப்பைத் தாண்டி நீங்கள் பணத்தைக் கொட்டினால் மட்டும்தான் ஆட்டக்காரர் கைக்கு வருவார். நாலு வருஷம் அந்த ஆட்டக்காரரின் ஒவ்வொரு காயத்தையும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷரே வேண்டாம் என்று சொன்ன விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்! இதை ஒரு வருஷம் அனுபவித்தவர் அடுத்த வருஷம் சும்மா உட்கார்ந்துகொள்வார். பழைய ஓனருக்கு இலவசமாக விலை நிர்ணயம் செய்துகொடுக்க அவருக்கு என்ன வேண்டுதலா?

எங்கள் லீகிலும் இதுதான் நடந்தது. முதல் வருஷம் மின்னஞ்சலில் திறந்த ஏலம், ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவாத குறை. பாதிப் பேருக்கு ஒரு ஏலம்கூட வரவில்லை. அப்போதுதான் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி பற்றிப் படித்தேன். மூடிய உறையில் எல்லோரும் தொகை எழுத வேண்டும், அதிகம் எழுதியவருக்குப் பொருள், ஆனால் அவர் கொடுக்க வேண்டியது இரண்டாவது ஆளின் விலை: 1961இல் அவர் எழுதிய கட்டுரை. இந்த முறையில் மனதில் உள்ள உண்மையான மதிப்பை எழுதுவதுதான் லாபம், குறைத்து எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. (1996இல் நோபல் அறிவித்த மூன்றாம் நாள் மனுஷர் இறந்துபோனார். இதற்கும் பேஸ்பாலுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் மறக்க முடியவில்லை.) சரி, இதையே வைத்துவிடலாம் என்று விதியை மாற்றினேன். ஜெயித்தவர் கட்ட வேண்டியது இரண்டாவது தொகையோடு ஒரு டாலர். அதன் கீழே பழைய வரியை அப்படியே விட்டுவிட்டேன்: "முந்தைய ஓனர் 48 மணி நேரத்துக்குள் அதே விலைக்கு மேட்ச் செய்யலாம்."

2023 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. ஏலத்துக்கு வந்தவர் சான் டியேகோ பாட்ரெஸின் ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர். 2021இல் 42 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீகில் முதலிடம் பிடித்தவர். 2022இல் மணிக்கட்டு முறிவால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. போதாக்குறைக்கு ஆகஸ்டில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 80 ஆட்டத் தடை. அதில் மிச்சம் 2023 தொடக்கத்தில் 20 ஆட்டம். இவருக்கு என்ன விலை என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் லீகில் மதுரைக்காரத் தம்பி ஒருவன் 2019இல் 6 டாலருக்கு எடுத்து, நாலு வருஷ ஒப்பந்தத்தை முடித்திருந்தான்.

உறையைப் பிரித்தேன். 34, 19, 17. முப்பத்துநாலு எழுதியது அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கும் அமெரிக்கப் பெண்மணி, லீகிலேயே பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர். விதிப்படி அவர் கட்ட வேண்டியது 20. எல்லோருக்கும் முடிவை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன்.

"அண்ணே, டாடிஸை நானே வச்சுக்கறேன். இருபதுக்கு மேட்ச்."

"இருபதா? அவங்க முப்பத்துநாலு கேட்டிருக்காங்கப்பா."

"கேட்டது முப்பத்துநாலு, கட்டுறது இருபதுதானே? 'அதே விலைக்கு'ன்னுதானே இருக்கு. நீங்க எழுதினதுதாண்ணே."

நான் எழுதியதுதான். அந்தப் பெண்மணி சொன்னதும் நியாயம்தான்: பத்தொன்பது எழுதியவரைவிட நான் பதினைந்து டாலர் அதிகம் எழுதியிருக்கிறேன், அந்தப் பதினைந்தைப் பழைய ஓனர் பார்க்கவே வேண்டாமா? அந்தப் பத்தொன்பது எழுதியவர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாற்பது மின்னஞ்சல் எழுதினார், அதைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. எழுத்தில் உள்ளபடி 20க்குத் தம்பிக்கே கொடுத்தேன். டாடிஸ் அந்த வருஷம் 25 ஹோம் ரன், 29 ஸ்டீல் (பேஸ் திருட்டு). இரண்டு வாரம் ஆபீஸ் காபி மெஷின் பக்கம் அந்தப் பெண்மணி என்னைக் கண்டால் கப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

சீசன் முடிந்தபின் ஒருநாள் சாப்பிடும்போது தம்பியிடம் கேட்டேன், "உண்மையைச் சொல்லுப்பா, எதுவரைக்கும் போயிருப்பே?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருபத்தேழுண்ணே" என்றான். அந்த ஒரு எண் உறைக்குள் இருந்திருந்தால் சண்டையே இல்லை. டாடிஸ் அந்தப் பெண்மணிக்குப் போயிருப்பார். அவரும் எழுதிய தொகையைவிடக் குறைவாகத்தான் கட்டியிருப்பார்.

அதற்கப்புறம் நாங்கள் வைத்த விதி இதுதான். ஏலம் கேட்கிற எல்லோரும், பழைய ஓனர் உட்பட, ஒரே கெடுவுக்குள் ஒரே ஒரு தொகை எழுத வேண்டும். பழைய ஓனர் எழுதிய எண்ணோடு லீக் 2 டாலரைத் தானாகக் கூட்டிக்கொள்ளும். அதுதான் அவருக்கான சலுகை, சமமாக வந்தாலும் அவருக்கே. அவர் ஜெயித்தால் வெளியாட்களில் அதிகம் எழுதியவரின் தொகையில் 2 டாலர் குறைத்துக் கட்டுவார். வெளியாள் ஜெயித்தால் தனக்கு அடுத்த எண்ணோடு ஒரு டாலர் கட்டுவார். டாடிஸ் கணக்கில் போட்டுப் பாருங்கள்: தம்பியின் 27, சலுகையோடு 29. வெளியே 34. ஆட்டக்காரர் 30க்குப் பெண்மணிக்கு. மேட்ச் இல்லை, 48 மணி நேரக் காத்திருப்பு இல்லை, ராத்திரி போன் இல்லை. சலுகை 2 டாலர் போதாது என்று உங்கள் ஆட்கள் சொன்னால் 3, 4 என்று வையுங்கள். ஐந்தைத் தாண்டினால் வெளியாட்கள் மறுபடியும் தூங்கப் போய்விடுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஐபிஎல் மாதிரி செய்யலாமே என்று எங்கள் லீகிலும் ஒருவர் சொன்னார். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் ஆர்டிஎம்மைத் திருத்தி வைத்திருந்தார்கள்: பழைய அணி கார்டை நீட்டினால், அதிகம் கேட்ட அணி ஒரே ஒருமுறை விலையை ஏற்றலாம், அதன்பிறகுதான் மேட்ச். ரிஷப் பந்துக்கு லக்னோ 20.75 கோடியில் நின்றது, டெல்லி கார்டை நீட்டியது, லக்னோ ஒரே தாவலாக 27 கோடி என்றது, டெல்லி விலகிக்கொண்டது. நேரில் உட்கார்ந்து நடத்தும் ஏலத்துக்கு அருமையான நாடகம். வெளியாளுக்கு ஒரு கடைசி அடி கிடைப்பதால் பழைய விதியைவிட நியாயமும்கூட. ஆனால் மின்னஞ்சலில் நடக்கும் லீகுக்கு இது இன்னும் இரண்டு நாள் இழுவை, முதல் சுற்றில் எல்லோரும் வேண்டுமென்றே குறைத்து எழுதுவார்கள். உங்கள் 12 பேரும் ஒரே அறையில் பீட்சாவோடு உட்காருவீர்கள் என்றால் தாராளமாக இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலத்தில் டாலரோடு வருஷத்தையும் சேர்க்காதீர்கள். "18 டாலர், ஐந்து வருஷம்" என்று கேட்க அனுமதித்தால் அடுத்தவனை மாட்டிவிடுவதற்காகவே கேட்பார்கள். இதற்கு அமெரிக்கக் கால்பந்தில் பெயரே உண்டு, விஷ மாத்திரை. 2006இல் சியாட்டிலின் ஸ்டீவ் ஹட்சின்சனுக்கு மினசோட்டா ஏழு வருஷம், 49 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் நீட்டியது. உள்ளே ஒரு ஷரத்து: அணியில் இவர் ஆடும் அஃபென்சிவ் லைன் வரிசையில் இவரைவிட அதிகச் சம்பளம் வாங்குபவர் யாராவது இருந்தால் மொத்தத் தொகைக்கும் உத்தரவாதம் தர வேண்டும். சியாட்டிலில் வால்டர் ஜோன்ஸ் இருந்தார், மினசோட்டாவில் அப்படி யாரும் இல்லை. மேட்ச் உரிமை கையில் இருந்தும் சியாட்டிலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சும்மா விடவில்லை அவர்கள். மினசோட்டாவின் நேட் பர்ல்சனுக்கு அதே ஏழு வருஷம், அதே 49 மில்லியன், மினசோட்டா மாநிலத்துக்குள் ஐந்து ஆட்டம் ஆடினால் முழு உத்தரவாதம் என்று எழுதிக் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். 2011இல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில்தான் இதற்குத் தடை வந்தது. நாங்கள் ஏலத்தில் எடுத்தவர்களுக்கு எல்லாம் இரண்டு வருஷம் என்று பொதுவாக முடிவுகட்டிவிட்டோம்.

சில்லறை விஷயங்கள் சில. எழுதுகிற தொகை 260 டாலரில் முடங்கிவிடும் என்று விதியில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆள் பத்துப் பேருக்கு 30 எழுதுவார். வெளியாட்கள் இருவர் சமமாக வந்தால் போன வருஷம் கீழே இருந்த அணிக்கு. முதலில் அனுப்பியவருக்கு என்று வைத்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விழித்திருக்கும் கூட்டம்தான் ஜெயிக்கும். சமநிலையைத் தவிர்க்க ஆட்கள் விநோதமாக எழுதுவார்கள், அதைத் தடுக்க வேண்டாம். 2006இல் ஜப்பானின் டைசுகே மட்சுசாகாவோடு பேசும் உரிமைக்கு பாஸ்டன் மூடிய உறையில் எழுதியது 51,111,111 டாலர் 11 சென்ட். கெடு நேரத்தை எழுதும்போது எந்த நேர மண்டலம் என்று எழுதுங்கள், கலிஃபோர்னியாவுக்கு மாற்றலாகிப்போன ஒருவர் எங்களை மூன்று மணி நேரம் காக்கவைத்தார். பழைய ஓனர் சலுகையில் தக்கவைத்த ஆட்டக்காரரை மறுநாளே டிரேடில் விற்கக் கூடாது; அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் மேட்ச் செய்த ஆட்டக்காரரை அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வருஷம் மாற்ற முடியாது, நாங்கள் ஜூன் 1 வரை என்று வைத்தோம்.

கமிஷனரும் ஆடுகிறார் என்றால் உறைகள் அவரிடம் இருக்கக் கூடாது. லீகில் இல்லாத ஒரு சக ஊழியரின் மின்னஞ்சலுக்கு எல்லோரும் அனுப்பினோம், நானும்தான். வருஷத்துக்கு ஒரு பிரியாணி அவருக்குக் கூலி.

இந்த மாற்றத்தை ஓட்டுக்கு விடுவதென்றால் அக்டோபரிலேயே விட்டுவிடுங்கள். நான் ஜனவரியில் விட்டேன். யார் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்று அதற்குள் எல்லோரும் பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். ஆறுக்கு ஆறு. மறு ஓட்டெடுப்பில் ஏழாவது ஓட்டு மதுரைத் தம்பியுடையது. அந்த வருஷம் அவனிடம் ஒப்பந்தம் முடிகிறவர் யாருமே இல்லை.