போத்தலை வாங்குமுன் ஒரு கோவாவைக் கிளப்பிப் பாருங்கள்

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “தோட்டத்தில் எங்களுக்கு 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்து மூன்று வருடமாகிறது. முன்பு தேயிலை நின்ற இடம். வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் மூன்று பாத்தி போட்டு, வாசலுக்கு லொறியில் வருகிற ஒருவரிடம் கன்று வாங்கி, கோவாவும் நோக்கோலும் வைத்தேன். முதல் முறை ஓரளவுக்கு வந்தது. இந்த முறை செடிகள் மதியத்தில் துவண்டு விழுகின்றன, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடுகின்றன. கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. கோவா உருண்டு வரவேயில்லை. கன்று தந்தவரே ‘வேர் மருந்து’ என்று ஒரு போத்தலைக் காட்டுகிறார். ஒன்று 1,850 ரூபா, மூன்று ஊற்ற வேண்டுமாம். அதிலும் சரிவராவிட்டால் நுவரெலியாவிலிருந்து நல்ல மண் ஒரு லோட் இறக்கித் தருகிறாராம். எதைச் செய்வது? இந்தச் சின்ன இடத்தில் உருப்படியாக ஏதாவது வருமா, ஐயா?”

வரும் சகோதரி. ஆனால் போத்தலும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். காசை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அதிகம் துவண்டு நிற்கும் ஒரு கோவாவின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், வேர் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். ஒரு சாண் தள்ளி மண் கிளறும் முள்ளைக் குத்தி, மண்ணோடு நெம்பி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். நல்ல கோவாவின் வேர் வெள்ளையாக, முடிக்கற்றை போலப் பிரிந்திருக்கும். உங்களுடையது இஞ்சிக் கிழங்கைப் போல் புடைத்து, விரல் விரலாகத் தடித்திருக்கும். முற்றியிருந்தால் அழுகல் நாற்றமும் அடிக்கும். எழுதியிருக்கிற அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு அதில் பெரிய சந்தேகம் இல்லை. இதற்கு அதிகாரிகள் சொல்லும் பெயர் கிளப் ரூட். வேர் வீங்கும் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் கோவா பயிரிடுகிற பலருக்கும் தலைவலியாக இருப்பது இதுதான்.

செடி மதியத்தில் ஏன் துவள்கிறது? வெயிலில் இலை தண்ணீரை வேகமாக இழக்கிறது, வீங்கிய வேரால் அந்த வேகத்துக்கு உறிஞ்சிக் கொடுக்க முடியவில்லை. மாலையில் இலையின் தேவை குறைந்ததும் செடி நிமிர்கிறது. பலரும் இதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறார்கள். இந்த நோயைக் கொண்டுவரும் கிருமியோ ஈர மண்ணில் நீந்தித்தான் அடுத்த வேரைப் பிடிக்கிறது. நீங்கள் ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் அதற்கு வழி திறந்துவிடுகிறது.

போத்தல் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். வீங்கிய வேரை மறுபடி மெல்லிய வேராக்கும் மருந்து எதுவும் கிடையாது. எந்தக் கம்பெனி, எந்த நிறம், எந்த மொழியில் லேபல் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தி, அதே வருடம் நவம்பரில் அந்தத் தடையைத் திரும்பப் பெற்றார்களே, அந்த மாதங்களில் இந்த மாதிரிப் போத்தல்கள் மலைநாடு முழுவதும் ஏறி வந்தன. யூரியா இல்லாமல் தவித்தவர்கள் கிடைத்ததை வாங்கி ஊற்றினார்கள். சேதனப் பசளை என்று விற்ற மூடை ஒன்றை என் கையால் பிரித்தேன். கண்ணாடித் துண்டும் பொலித்தீன் கிழிசலும் பாதிக்குப் பாதி இருந்தன. தடை போனது, அந்த வியாபாரிகள் போகவில்லை. லேபலில் என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம், யார் பதிவு செய்தது என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

அடுத்தது மண் லோட். போத்தலைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். போத்தல் உங்கள் காசைத்தான் தின்னும், கெட்ட மண் காணியையே தின்றுவிடும். வருடக்கணக்காகக் கோவாவும் உருளைக்கிழங்கும் பயிரிட்ட நிலத்து மண் கறுப்பாக, பொலபொலவென்று அழகாக இருக்கும். பார்த்தவுடன் கை வைக்கத் தோன்றும். அதற்குள் இந்த வேர் வீக்கக் கிருமியும், உருளைக்கிழங்கை வாட வைக்கும் பற்றீரியாவும் சேர்ந்தே வரலாம். கிளப் ரூட் கிருமியின் வித்துகள் செடியே இல்லாமல் மண்ணுக்குள் பத்து வருடத்துக்கு மேலும் கிடந்து, கோவா வேர் பக்கத்தில் வந்தவுடன் விழித்துக்கொள்ளும். லொறிக்காரர் மண்ணைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார், பத்து வருடமும் அதோடு கிடக்கப்போவது நீங்கள்.

நோய் எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் கன்றோடுதான் வந்திருக்கும். தேயிலை நின்ற நிலத்தில் கோவா நோய்க்கு வேலையே இல்லை. வாங்கிய கன்றுகளின் அடியில் ஒட்டியிருந்த கைப்பிடி மண்ணில் வந்து இறங்கி, முதல் போகத்தில் பெருகி, இரண்டாம் போகத்தில் முகம் காட்டியிருக்கிறது. முதல் முறை ஓரளவு வந்ததென்று எழுதியிருக்கிறீர்களே, அதன் காரணம் இதுதான். இனிமேல் கோவா இனத்துக் கன்று எதையும் வெளியில் வாங்காதீர்கள். விதை வாங்கி, வீட்டிலேயே நாற்றுத் தவறணை போடுங்கள். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் ஈர மண்ணை நிரப்பி, மூடி, கொதிக்கும் பானைக்கு மேல் அரை மணி நேரம் ஆவியில் வேக விட்டு, ஆறிய பின் விதையைப் போட்டால் போதும்.

கிருமி வந்து இறங்கியது ஒரு பாதி. அது இவ்வளவு செழித்ததற்கு உங்கள் மண்ணின் புளிப்பு மறு பாதி. புளிப்பை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். தேயிலைக்குப் பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. மரக்கறிகளில் பெரும்பாலானவை 6க்கும் 6.5க்கும் இடையில்தான் சுகமாக வளரும். வேர் வீக்கமோ புளித்த மண்ணில்தான் ஆட்டம் போடும். தேயிலை மண்ணின் புளிப்பைப் பார்த்துச் சொல்லத் தலவாக்கலையில் பெரிய ஆராய்ச்சி நிறுவகமே இருக்கிறது. கொழுந்து எடுக்கிறவரின் வீட்டுப் பின்புறத்து மண்ணைப் பார்க்கத்தான் ஆளில்லை. ஓர் அரச அலுவலகத்துக்கு இரண்டு தோட்டப் பெண்களை அழைத்துக்கொண்டு நானே போனேன். மண் மாதிரியைப் பையில் கட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அங்கே இருந்தவர் மண்ணைப் பார்க்கவேயில்லை. காணி உறுதி எங்கே என்று கேட்டார். உறுதி இல்லாதது அவர்களுடைய குற்றமா? காணியைக் கொடுத்தவர்கள் உறுதியைக் கொடுக்காமல் வருடக்கணக்காக இழுத்தடிக்கிறார்கள், அந்த உறுதி இல்லையென்று இன்னொரு மேசை திருப்பி அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் பெண்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து நிற்கிறார்கள். அப்படியிருந்தும் நீங்கள் போக வேண்டும். உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் யார் என்று கேட்டு, அவரிடம் மாதிரியைக் கொடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். மானியம் கேட்க வரவில்லை, மண்ணைச் சோதிக்கத்தான் வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புளிப்பைக் குறைப்பது டொலமைட் என்ற சுண்ணாம்பு வகைத் தூள். பத்தடி நீளம், மூன்றடி அகலமுள்ள பாத்தி ஒன்றுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தூவி, நாலைந்து அங்குல ஆழத்துக்கு மண்ணோடு கலந்துவிடுங்கள். நடுவதற்கு மூன்று வாரம் முன்பே போட வேண்டும். அதோடு கோழி எருவையோ யூரியாவையோ சேர்த்துக் கலக்கக் கூடாது, எருவின் சத்து ஆவியாகிப் பறந்துவிடும். இதிலும் ஏமாற்று உண்டு. மூடையை வாங்குமுன் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். முகத்துக்குப் பூசும் பவுடர் போல வழுக்க வேண்டும். மணல் போல நறநறத்தால் அது கல் தூள்; இந்த வருடம் உங்கள் மண்ணில் அது ஒன்றும் செய்யாது.

ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு வைக்கப்போகிற பாத்திக்கு டொலமைட் போடாதீர்கள். உருளைக்கிழங்கு புளித்த மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். புளிப்பைக் குறைத்தால் கிழங்கின் தோலில் சொறி பிடிக்கும். தோல் வெடித்து, தேங்காய்ச் சிரட்டையின் மேற்புறம் போலக் கரடுமுரடாகிவிடும். சாப்பிடலாம், ஆனால் தடிப்பாகத் தோலைச் சீவ வேண்டும். விற்கலாம் என்று நினைத்திருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் மூன்று பாத்தியில் ஒன்றை இப்போதே உருளைக்கிழங்குக்கென்று ஒதுக்கி, அதில் ஒரு கல்லை நட்டு அடையாளம் வையுங்கள். டொலமைட் தூவுகிற அன்று வீட்டில் வேறு யாராவது உதவிக்கு வந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். நல்ல மனதோடு மூன்று பாத்திக்கும் சமமாகத் தூவிவிட்டுப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாத்தியில் அடுத்த போகம் போஞ்சி வைப்பதாக இருந்தால், கிழங்கைக் கிளறி எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். மறுபடி உருளைக்கிழங்கு அந்தப் பாத்திக்குத் திரும்ப மூன்று நாலு வருடம் போகட்டும்.

இப்போது நிற்கிற செடிகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் வேரோடு எடுங்கள். இலை பச்சையாக இருக்கிறதே, மாட்டுக்குப் போடலாமே என்று தோன்றும். வேரைப் போடவே போடாதீர்கள். இந்த வித்துகள் மாட்டின் வயிற்றிலும் சாவதில்லை, சாணத்தோடு வெளியே வந்து எருவாகி மறுபடி உங்கள் பாத்திக்கே திரும்பும். குப்பைக் குழிக்கும் வேண்டாம், கானில் எறியவும் வேண்டாம். பழைய உரப் பையில் கட்டி வைத்து, காய்ந்ததும் எரித்துவிடுங்கள். மண்வெட்டியையும் செருப்பையும் அந்தப் பாத்தியிலிருந்து வெளியே வரும்போது கழுவுங்கள்.

இனி அந்த இடத்தில் கோவா, நோக்கோல், பூக்கோவா, ராபு, கடுகு எதுவும் குறைந்தது ஏழு வருடத்துக்கு வேண்டாம். நோக்கோல் இல்லாமல் எப்படி என்று வீட்டில் கேட்டால், புதிய மண்ணைச் சாக்கில் நிரப்பி, வாசல் பக்கம் வைத்து வளருங்கள். மண் உங்கள் காணிக்குள்ளேயே, இதுவரை பயிர் வைக்காத ஓரத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், அதற்கும் கொஞ்சம் டொலமைட் கலந்து மூன்று வாரம் விடுங்கள்.

7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக 1,350 மிஞ்சும். வழி, மலசலகூடம், முன்வாசல் எல்லாம் கழித்தாலும் ஒரு குடும்பத்தின் கறிக்கு இது பெரிய இடம். ஆனால் தரையை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாமல்தான் தெரியும். போஞ்சிக்குக் கம்பு நட்டு மேலே ஏற்றுங்கள். பாத்தியின் ஓரத்தில் லீக்ஸ் வரிசை போடுங்கள், இந்த நோய் அதைத் தொடாது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் வல்லாரையும் புதினாவும் ஒரு கொச்சிக்காய்ச் செடியும். சரிவின் மிக மோசமான கல்லு மூலையில் ஒரே ஒரு சௌசௌ. முளை விட்ட காயை முழுதாக, பாதி மண்ணுக்கு வெளியே தெரியும்படி சாய்த்து வைத்து, மேலே பந்தல் போடுங்கள். கொடி நின்றுவிட்டால் காயையும் தின்னலாம், கொழுந்துத் தளிரையும் சுண்டலாம். அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து மிஞ்சும். கரட் ஆசை இருந்தால் கல் பொறுக்கிய பாத்தி வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு கவடு கவடாகப் பிளந்து வரும்.

சரிவைப் பற்றி ஒரு வார்த்தை. பாத்தி அகலமாக வேண்டுமென்று வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாம். மண்ணில் பிளவு தெரிந்தாலோ, புதிதாக ஊற்று கிளம்பினாலோ, பயிர்ப் பேச்சை விட்டுவிட்டு முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே, ஒடுக்கமாக, கல் அடுக்கிய வரம்போடு போடுங்கள். மேற்புறத்தில் ஒரு கான் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் வடிய விடுங்கள். வரம்பில் மானா புல் நட்டால் மண்ணைப் பிடிக்கும், வெட்டிப் பாத்தியில் பரப்பவும் உதவும். உங்கள் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவ மழை அடித்து ஊற்றும். ஏப்ரலுக்குள் கான் வேலை முடிந்திருக்க வேண்டும்.

மூன்று போத்தலுக்கு ஒதுக்கிய 5,550 ரூபாவில் டொலமைட், போஞ்சி விதை, லீக்ஸ் விதை எல்லாம் வாங்கிவிடலாம், மிச்சமும் வரும். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்களுக்கு மேல் வரிசையில் இருக்கிற வீட்டில் கோவா வைத்திருந்தால், போய் ஒரு செடியைக் கிளப்பி வேரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுடைய கான் தண்ணீர் உங்கள் பாத்தி வழியாகத்தான் இறங்கும், உங்களுடையது கீழ் வீட்டுக்குப் போகும். அந்தக் கீழ் வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள்.