சிப்பாயைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகளைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். பாதிக்கு மேல் கண்காட்சிக்குப் போவதைப் பற்றித்தான். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஐயா, வட்டார அளவில் நடக்கும் பொம்மைக் கண்காட்சி ஒன்றுக்கு இரண்டு முறை போய் வந்தேன். எங்கு பார்த்தாலும் கார், ரயில், துணி பொம்மை. சிப்பாய்க்கென்று ஒரு மேசைகூட இல்லை. என்னைப் போல பிளாஸ்டிக் சிப்பாய் மட்டும் சேர்ப்பவன் இதற்கெல்லாம் போவது வீண் அலைச்சல்தானா?

பதில்: இல்லவே இல்லை. என்னிடம் இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்த உருவங்கள் பல, சிப்பாய் மேசை ஒன்றுகூட இல்லாத கண்காட்சிகளில் கிடைத்தவைதான். சிப்பாய் மட்டுமே விற்பவருக்குத் தன்னிடம் இருப்பது என்னவென்று நம்மைவிட நன்றாகத் தெரியும். வகை பிரித்து, வரிசையாக நிற்கவைத்து, சீட்டு ஒட்டி வைத்திருப்பார். ரயில் விற்பவர் அப்படியில்லை. ஒரு வீட்டில் பழைய ரயில் செட்டை மொத்தமாக வாங்கும்போது கூடவே ஒரு தகர டப்பா நிறைய சிப்பாய்களும் வந்திருக்கும், அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருப்பார். அந்த டப்பாவுக்காகத்தான் நாம் போகிறோம்.

ரயிலோடு சிப்பாய் வருவது தற்செயலும் அல்ல. இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்ளே கூடாக இருக்கும் ஈயச் சிப்பாய்களைச் செய்யத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட 54 மி.மீ. உயரம், அன்று 'ஒன்றாம் எண்' என்று அழைக்கப்பட்ட தண்டவாள அளவுக்கான பொம்மை ரயிலின் பக்கத்தில் நிற்கவைத்தால் பொருந்தும் அளவு. ஈயம் போய் பிளாஸ்டிக் வந்த பிறகும் பல நிறுவனங்கள் அந்த 54ஐ விடவில்லை. இங்கிலாந்தின் இன்னொரு நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 1959இல் விரல்நுனி உயரச் சின்னச் சிப்பாய்களைக் கொண்டுவந்தபோதும் அவற்றின் அளவு மேசை ரயில்களின் அளவைத் தழுவியதுதான். ஒரே பையன் இரண்டையும் வைத்து விளையாடியிருக்கிறான், ஒரே பரணில் இரண்டும் தூங்கியிருக்கின்றன. அதனால் ரயில் மேசைகளை ஒன்றுவிடாமல் பாருங்கள். அடுத்தது பண்ணை விலங்குப் பொம்மைகள் விற்பவர்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே குதிரைவீரன் ஒருவன் படுத்திருப்பது சகஜம்.

முதல் சுற்றை நின்றபடியே வேகமாக முடித்துவிடுங்கள். இரண்டாவது சுற்றில் குனியுங்கள். "கீழே இருக்கிற பெட்டியைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. அதைவிட முக்கியம், ஒன்றும் வாங்காவிட்டாலும் "நான் பிளாஸ்டிக் சிப்பாய் சேர்க்கிறேன், ஏதாவது வந்தால் அடுத்த முறை கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது. தகரக் கார் விற்கும் ஒருவரிடம் மூன்று ஆண்டு இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் ஆண்டு என்னைப் பார்த்ததும் மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்தார். அவருடைய அண்ணன் சிறுவயதில் விளையாடியவை, எல்லாம் இங்கிலாந்தின் டிம்போ நிறுவனம் செய்தவை. டிம்போ உருவங்களில் தலை, உடல், கால் தனித்தனியாகக் கழன்று வரும், பெயின்ட் கிடையாது, வெவ்வேறு நிறப் பிளாஸ்டிக்கை அச்சுக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக வார்த்திருப்பார்கள். அந்தப் பையன் எல்லாத் தலைகளையும் மாற்றி மாட்டியிருந்தான். கௌபாயின் உடலில் அரபு வீரனின் தலை. சரிசெய்துவிடலாம் என்று முதலில் கை போனது. அப்புறம் மனம் வரவில்லை, இன்றும் அப்படியேதான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: "அசல் பழசு" என்று சொல்லி மார்க்ஸ் சிப்பாய்களைக் காட்டுகிறார்கள். அதே உருவம் புதிதாகவும் விற்கிறது என்கிறார் நண்பர். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. லூயி மார்க்ஸின் அமெரிக்க நிறுவனம் 1950களிலும் 60களிலும் தகரக் கோட்டையும் சிப்பாய்களுமாகப் பெரிய பெரிய பெட்டிகளை விற்றது. 1972இல் நிறுவனம் குவேக்கர் ஓட்ஸ் கைக்குப் போனது, 1980இல் அமெரிக்காவில் கதவை மூடிவிட்டார்கள். ஆனால் எஃகு அச்சு சாகாது. மார்க்ஸின் அச்சுகள் கைமாறிக்கொண்டே இருந்தன, மெக்சிகோவிலும் வார்த்தார்கள், 1990களில் அமெரிக்காவிலேயே மறுபடி வார்த்தார்கள். அதே அச்சிலிருந்து வந்தால் முகம், பொத்தான், மடிப்பு எல்லாம் அதேதான் இருக்கும். உருவத்தை மட்டும் பார்த்துப் பழசா புதுசா என்று சொல்லவே முடியாது.

நானே ஒருமுறை ஒரு பை குதிரைப்படையைப் பழசென்று நம்பி வாங்கினேன். வீட்டில் உண்மையான பழைய உருவம் ஒன்றைப் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது, நிறம் அரை மாற்று வேறு, தொட்டால் வழவழப்பும் வேறு. விற்றவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. அதிலிருந்து கண்காட்சிக்குப் போகும்போதெல்லாம் சந்தேகமில்லாத பழைய உருவம் ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துப்போகிறேன். கண்ணைவிட விரல்தான் இதில் நன்றாகக் கற்றுக்கொள்கிறது. கணினித் திரையில் படத்தைப் பார்த்து வாங்குபவருக்குக் கிடைக்காத பாடம் இது, நான் கண்காட்சிக்கு நேரில் போகச் சொல்வதற்கு முதல் காரணமும் இதுதான்.

மறுவார்ப்பு வேறு, நகல் வேறு என்பதையும் மனதில் வையுங்கள். மறுவார்ப்பு என்பது அசல் அச்சிலேயே மறுபடி வார்த்தது. புதுசு என்று சொல்லி விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை, பெயின்ட் அடித்துப் பழகவும் குழந்தைகளுக்குக் கொடுக்கவும் நான் அதைத்தான் வாங்குகிறேன். நகல் என்பது இன்னொருவர் செய்த உருவத்தையே மாதிரியாக வைத்து அதிலிருந்து புது அச்சு எடுத்தது. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அசல் அச்சைச் செய்பவர் அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் சேர்த்து அச்சைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுவார். ஏற்கெனவே சுருங்கிய உருவத்திலிருந்து நேராக அச்சு எடுத்தாலோ இன்னொரு முறை சுருங்கும். ஆகவே நகல் ஒரு மில்லிமீட்டராவது குட்டையாக நிற்கும், மூக்கும் பெல்ட் கொக்கியும் தேய்ந்த நாணயம் போல மழுங்கியிருக்கும். சட்டைப்பைச் சிப்பாயோடு முதுகோடு முதுகு நிறுத்திப் பார்த்தால் போதும்.

அப்புறம், எந்தச் சிப்பாயையும் கையில் எடுத்ததும் முதலில் தலைகீழாகத் திருப்புங்கள். அடித்தட்டில் பெயரும் நாடும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் "ஹாங்காங்" என்று பார்த்ததும் நகல் என்று கீழே வைத்துவிடாதீர்கள். பிரிட்டன்ஸின் ஹெரால்ட் வகைச் சிப்பாய்களே 1960களின் பிற்பகுதியில் ஹாங்காங்கில் செய்யப்பட்டவை, அவை அசல்தான். அடித்தட்டு உலோகமாக இருந்து மேலே பிளாஸ்டிக் உருவம் நின்றால், 1971இல் வந்த பிரிட்டன்ஸ் டீடெய்ல் வகையாக இருக்க வாய்ப்பு உண்டு, அதிலும் பெயர் அடியில்தான் இருக்கும்.

கேள்வி: பேரம் பேசினால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: நினைக்கமாட்டார்கள், பொருளைக் குறை சொல்லாத வரைக்கும். "இதில் பெயின்ட் போயிருக்கிறது, அதில் கால் வளைந்திருக்கிறது" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். நான்கைந்து உருவங்களை ஒன்றாக எடுத்து வைத்து "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். சில்லறையாகப் பணம் கையில் இருக்கட்டும். மாலையில் மேசையைக் காலி செய்யும்போது விலை இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் நல்ல உருவம் மாலைவரை காத்திருக்காது. கதவு திறப்பதற்கு முன்பே விற்பவர்கள் ஒருவருக்கொருவர் வாங்கிக்கொள்வார்கள். முன்கூட்டி நுழையத் தனிச் சீட்டு கொடுத்தால் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வாங்கி வந்த பையைப் பிரித்தால் ஆறு சிப்பாய்களின் துப்பாக்கி உடைந்து கிடந்தது. விற்கும்போது முழுதாகத்தான் இருந்தன. ஒட்டிவிட முடியுமா?

பதில்: படித்ததும் எனக்கே வலித்தது. முதலில், விற்றவர்மேல் தப்பில்லை. வளையக்கூடிய பழைய சிப்பாய்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீனில் செய்தவை. வெயிலும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் பட்டுப் பட்டு அந்தப் பிளாஸ்டிக்கின் நீண்ட இழைமூலக்கூறுகள் துண்டு துண்டாகும், அதோடு வளையும் குணமும் போய்விடும். ஒரே பெட்டியில் ஒரு நிறச் சிப்பாய் ரப்பர் போலவும் இன்னொரு நிறம் காய்ந்த சுள்ளி போலவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏர்ஃபிக்ஸின் சின்ன உருவங்களில் இது அதிகம். வெளியில் பார்த்தால் திடமாகவே தெரியும், பயணத்தில் ஒரு குலுக்கல் போதும்.

வாங்கும் முன் வளைத்துப் பார்க்கவே கூடாது. அது விற்பவரின் பொருள், உடைந்தால் போனது போனதுதான். பையின் அடியைப் பாருங்கள். பென்சில் முனை ஒடிந்தது போலச் சின்னத் துணுக்குகள் கிடந்தால் அந்தக் கூட்டம் முழுவதுமே நொறுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கணுக்கால், மணிக்கட்டு, துப்பாக்கி முனை, குதிரையின் வால் ஆகிய இடங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மேல்பரப்பு சுண்ணாம்பு பூத்தது போல வெளிறியிருந்தாலும் யோசியுங்கள்.

ஒட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். சாதாரணப் பசை எதுவும் பாலிஎத்திலீனில் பிடிக்காது, பெயின்ட் அதன்மேல் நிற்காமல் செதில் செதிலாக உதிர்வதும் அதே காரணத்தால்தான். உருவம் இன்னும் கொஞ்சம் வளையும் நிலையில் இருந்தால், இரு பக்கமும் ஊசித் துளை போட்டு மெல்லிய கம்பியைச் செருகிச் சேர்க்கலாம். நொறுங்கும் நிலையில் இருந்தால் துளை போடும்போதே இன்னும் உடையும், அப்படியே விட்டுவிடுங்கள். உடைந்த துண்டுகளை மட்டும் தூக்கிப் போடாமல் சிறு கவரில் சிப்பாயோடு சேர்த்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாது. தொட்டால் பிசுபிசுக்கும் வினைல் உருவங்களைக் கெட்டிப் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் உருவங்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். வினைலை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனை இளக்கிவிடும், சில மாதம் கழித்துத் திறந்தால் ஒன்றின் தடம் இன்னொன்றில் சூடுபோட்டது போலப் பதிந்திருக்கும். மெல்லிய தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். திரும்பி வரும்போது வெயிலில் நிறுத்திய காரில் விட்டு வைக்காதீர்கள். கழுவ வேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, பெயின்ட் இருக்கும் இடத்தில் தேய்க்கவே வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. கூட வருகிறேன் என்கிறாள். அழைத்துப் போகலாமா, சலித்துப்போவாளா?

பதில்: கட்டாயம் அழைத்துப் போங்கள். அவள் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, அவளே தேர்ந்தெடுத்து அவளே பேசி வாங்கட்டும். குனியாமலே அடிப்பெட்டிகள் அவள் கண்ணுக்குத் தெரியும், உங்களுக்கும் உதவி. அவளுக்குச் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது. ஒரே பச்சை நிறப் பிளாஸ்டிக்கில் வரும் சின்னப் படைவீரர்களான பச்சைச் சிப்பாய்களில் ஏன் பெண்களே இல்லை என்று அமெரிக்காவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி 2019இல் பொம்மை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினாள். 2020இல் பி.எம்.சி. என்ற பொம்மை நிறுவனம் பெண் சிப்பாய்களையே கொண்டுவந்தது. 1938 வாக்கில் அமெரிக்காவில் பிளாஸ்டிக் சிப்பாய் பிறந்தது. 2014இல் பச்சைச் சிப்பாய்கள் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் உள்ள தேசியப் பொம்மைப் புகழரங்கில் இடம்பிடித்தன. இவ்வளவு பழைய பொம்மையும் ஒரு குழந்தையின் கடிதத்தால் மாறியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: என்னிடம் பிரிட்டன்ஸின் ஸ்வாப்பெட் வகை (உறுப்புகளைக் கழற்றி மாற்றி மாட்டக்கூடிய) கவசவீரர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் வாள் இல்லை, மூன்று பேருக்குத் தலைக்கவசத்தின் இறகு இல்லை. வட்டாரக் கண்காட்சிகளில் தேடிச் சலித்துவிட்டேன்.

பதில்: இதற்கு மட்டும் சிப்பாய்களுக்கென்றே நடக்கும் பெரிய கண்காட்சிதான் சரி. சிகாகோவை ஒட்டிய ஷாம்பர்க்கில் செப்டம்பரில் நடப்பதும், லண்டனில் 'பிளாஸ்டிக் வாரியர்' பத்திரிகைக்காரர்கள் நடத்துவதும் நம்மைப் போன்றவர்கள் பேசிக்கொண்டே இருக்கும் இடங்கள். ஷாம்பர்க்கில் கண்காட்சி நாளுக்கு முன்பே விடுதி அறைகளில் கதவைத் திறந்து வைத்து, கட்டில்மேலேயே பரப்பி விற்பார்கள். மண்டபத்தைவிட அங்கேதான் நிதானமாகப் பேச முடியும். உதிரி வாள், இறகு, கேடயம், சேணம் ஆகியவற்றைச் சின்னச் சின்ன அறைகள் உள்ள பெட்டியில் வைத்து விற்பவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் இருப்பார்கள்.

அளவு எழுதிக்கொண்டு போனால் போதாது, இறகு செருகும் துளையும் வாளின் பிடியும் வகைக்கு வகை மாறும். ஏழு வீரர்களையும் கூடவே கொண்டுபோங்கள், விற்பவர் மேசையிலேயே ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். சரியாக உட்காரும்போது மெல்லிய 'டக்' சத்தம் விரலில் தெரியும், அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் அது வேறு வீரனுடையது.