சின்னத்தை யாரிடம் காட்டிக் கேட்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் புகைப்படம் எடுத்து வருகிறேன். என் பாட்டி எல்பில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எனக்கென ஒரு சின்னம் வேண்டுமென்று, பெயரின் முதலெழுத்தான ‘இ’யைச் சுற்றி லென்ஸின் ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள் ஆறும், மேலே ரப்பர் இலை ஒன்றும் வைத்து, பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறும் வண்ணத்தில் கேன்வா என்ற இணைய வடிவமைப்புச் செயலியில் உருவாக்கினேன். குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பொன்னிறம் இன்னும் கூட வேண்டும் என்கிறார் மாமா. கேமரா படம் இல்லாவிட்டால் தொழில் விளங்காது என்கிறார் நண்பர். தங்கை அதை மேசைக் காற்றாடி என்று நினைத்தாளாம். சட்டையில் எம்பிராய்டரி போடும் கடைக்காரர், இது நூலில் வராது என்று சொல்லிவிட்டார். தமிழ் எழுத்தைப் பார்த்தால் சீன, மலாய் வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். மூன்று மாதிரிகள் செய்து வாக்கெடுப்பு நடத்தலாமா?

இ.,
சுங்கை சிப்புட்

அன்புள்ள இ.,

உங்களுக்குக் கிடைத்த கருத்துகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. மாமாவும் நண்பரும் தங்களுக்கு எது பிடிக்கும் என்பதைச் சொல்லியிருக்கிறார்கள். தங்கையும் கடைக்காரரும் உங்கள் சின்னத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லியிருக்கிறார்கள். முன்னவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். பின்னவர்களின் சொல்லைக் கொண்டு வரைபடத்தைத் திருத்துங்கள்.

‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், உறவினர் எவரும் தம் விருப்பத்தைத் தவிர வேறொன்றைச் சொல்ல வழியில்லை. அடுத்த முறை அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள். சின்னத்தைக் கட்டைவிரல் நகத்தளவில் அச்சிட்டு, உங்களை அறியாத ஒருவரிடம் சில நொடிகள் மட்டும் காட்டி, தாளை எடுத்துவிட்டு, கண்டதை வரைந்து காட்டும்படி கேளுங்கள். அவர் வரையும் கோணல் கோடுகளில் எது தங்கியிருக்கிறதோ அதுவே உங்கள் சின்னம். எது விடுபட்டதோ அதைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். உங்கள் தங்கை காற்றாடி என்றது கேலியன்று. ஆறு இதழ்கள் ஒரு மையத்தைச் சுற்றி வளைந்து நின்றால், கேமராவைத் திறந்து பார்த்திராத கண்ணுக்கு அது காற்றாடிதான். தவிர, அந்த இதழ்கள் எத்தனையோ புகைப்படக்காரர்களின் அட்டைகளில் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றை விட்டுவிடுங்கள் என்பதே என் எண்ணம்.

கடைக்காரர் சொன்னதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். ‘இ’ சுழிகள் நிறைந்த எழுத்து. சட்டைப்பையின் மேல் இரண்டு விரல் அகலத்தில் தைக்கும்போது, நூலின் தடிமன் உட்சுழியின் வெற்றிடத்தைத்தான் முதலில் அடைக்கும்; எழுத்து ஒரு முடிச்சாகிவிடும். உலாவியின் தாவலில் தெரியும் 16 பிக்சல் படத்திலும் அதே கதிதான். எழுத்துருவில் கிடைக்கும் ‘இ’யை அப்படியே எடுக்காமல், சுழியை அகலத் திறந்து, கோட்டின் தடிமனை ஒரே சீராக்கி, கையால் வரைந்து, பிறகு எந்த அளவுக்கு மாற்றினாலும் கோடு மங்காத வெக்டர் கோப்பாக மாற்றுங்கள். நிறம் மாறிச் செல்லும் பூச்சு ரசீதில் குத்தும் ரப்பர் முத்திரையில் வராது. படத்தின் மூலையில் வைக்கும்போதும் வெள்ளை வேட்டியின் மேல் ஒருவிதமாகவும் கறுத்த கூந்தலின் மேல் வேறுவிதமாகவும் மங்கும். முதலில் வெறும் கறுப்பில் நிற்க வேண்டும். பொன்னிறத்தைப் பற்றி மாமாவிடம் அதன் பிறகு பேசலாம்.

கப்பலேறிய ரப்பர் பேல்களின் (பொதிகளின்) மேல் தகட்டச்சால் தீட்டிய குறிகளை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வெட்டிய தகட்டின் மேல் மையைத் தேய்த்தால் தரமும் அனுப்பியவரின் அடையாளமும் தெளிவாக விழ வேண்டும். மெல்லிய கோட்டுக்கு அங்கே இடமே இல்லை. உங்கள் சின்னம் அந்தத் தகட்டில் வெட்டத் தக்கதா என்று பாருங்கள்.

கேமரா படம் வேண்டும் என்ற நண்பருக்கு ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரைக் காட்டலாம். 1471இல் பிறந்து 1528இல் மறைந்த அவர், பெரிய ‘ஏ’ எழுத்தின் கால்களுக்கிடையே ‘டி’ எழுத்தை வைத்துத் தம் அச்சுப் படங்களில் இட்டார். அதில் தூரிகையும் இல்லை, உளியும் இல்லை. ஓவியர் என்பதை ஓவியங்கள் சொல்லின. இது யாருடையது என்பதை மட்டும் குறி சொன்னது. உங்கள் தொழிலை உங்கள் படங்கள் சொல்லட்டும்.

இதே காரணத்தால் தமிழ் எழுத்தைப் பற்றிய அச்சத்தையும் நான் ஏற்கவில்லை. ஒரு சின்னத்தை வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, அடையாளம் தெரிந்தால் போதும். சீன எழுத்து பொறித்த கடைப்பெயர்ப் பலகைகளை வாசிக்கத் தெரியாமலேயே நாம் அந்தக் கடைகளைத் தேடிப் போகிறோம். பக்கத்தில் உங்கள் பெயரை ரோமன் எழுத்தில் தெளிவாக எழுதுங்கள். ‘இ’ அங்கேயே இருக்கட்டும்.

வாக்கெடுப்பு வேண்டாம். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்குச் சின்னம் வரைந்த அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ரேண்ட், 100,000 டாலர் பெற்றுக்கொண்டு, ஒரே ஒரு வடிவத்தைத்தான் கொடுத்தார். எப்படி அதை வந்தடைந்தார் என்பதை விளக்கும் சிறு நூலையும் சேர்த்துக் கொடுத்தார். மூன்றை நீட்டினால், ஒன்றின் இலையையும் மற்றொன்றின் நிறத்தையும் சேர்க்கச் சொல்வார்கள். யாருக்கும் உரிமையில்லாத நான்காவது ஒன்று பிறக்கும். ஒன்றைக் காட்டிக் குறையைக் கேளுங்கள்.

இலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர் இலை ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளாக விரிவது. தனியாக ஒன்றை வைத்தால் அது மாவிலையாகவும் இருக்கலாம். பால்மரக் காட்டில் வாழ்நாளைக் கழித்த உங்கள் பாட்டியின் கண்ணுக்கு அந்தக் குறை உடனே தெரிந்துவிடும். பாட்டிக்காக வைப்பதென்றால் மூன்றையும் வையுங்கள், சிறிய அளவுகளில் எழுத்தை மட்டும் பயன்படுத்துங்கள். கேன்வாவின் களஞ்சியத்திலிருந்து எடுத்த இலையாக இருந்தால் அதை நீக்கியே ஆக வேண்டும். அதே இலையை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அது சேர்ந்த சின்னத்தை வணிகக் குறியாகப் பதிவுசெய்ய அவர்களின் உரிம விதி இடம் கொடுப்பதில்லை. மலேசிய நிறுவன ஆணையத்தில் தொழில் பெயரைப் பதிந்துவிட்டால் சின்னமும் காப்புப் பெற்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது வேறு, 2019ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின்கீழ் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் செய்யும் பதிவு வேறு. பின்னது பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் முடியும்.

ஒரு பால்மரக் கிளையை எதிரில் வைத்து நீங்களே இலையை வரையுங்கள். திருத்திய வடிவத்தை அந்தக் கடைக்காரரிடம் மீண்டும் கொடுத்து, தைத்த மாதிரியின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.