பஃபலோவுக்கு ஒருநாள் போய்வர பிஆர் காட் போதுமா?

தம்பி, கனடா வந்து நாலு மாதம், பிஆர் (நிரந்தர வதிவிட) காட் கைக்கு வந்துவிட்டது, வருகிற லோங் வீக்கென்டுக்குச் சிநேகிதர்களோடு ஸ்காபரோவிலிருந்து காரில் எல்லைப் பாலம் தாண்டி அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குப் போய் அன்றிரவே திரும்ப யோசனை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பிஆர் காட்டும் ஒன்ராறியோ லைசன்சும் போதுமா? எந்தக் கடையில் என்ன மலிவு? எந்தப் பாலத்தில் சனம் குறைவு? கடைக் கதையை வேறு யாரிடமாவது கேளுங்கள். சப்பாத்து விலை சொல்ல எங்கட ஆக்களில் ஆளுக்குப் பஞ்சமில்லை. முதல் கேள்விதான் வடிவாகப் பார்க்க வேண்டியது.

போதாது. பாலத்துக்குப் போகவே வேண்டாம்.

பிஆர் காட் கனடாவுக்குள் திரும்பி வருவதற்கானது. அமெரிக்க அதிகாரி பார்ப்பது நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை அல்ல, எந்த நாட்டுப் பாஸ்போட் வைத்திருக்கிறீர்கள் என்பதை. இலங்கைப் பாஸ்போட்டோ இந்தியப் பாஸ்போட்டோ என்றால் மூன்று சாமான் வேண்டும்: காலாவதியாகாத பாஸ்போட், அதில் பி1/பி2 வருகை விசா, அதோடு எல்லையில் எடுக்கும் ஐ-94 என்கிற நுழைவுப் பதிவு. பாஸ்போட்டில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கட்டும். லைசன்ஸ் உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

உங்களுக்குப் "போதும்" என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு காலத்தில் அது போதுமானதாகத்தான் இருந்தது. கொமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றிருந்தால், அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போய்வரலாம் என்று முன்பு ஒரு சலுகை இருந்தது. இலங்கையும் இந்தியாவும் கொமன்வெல்த்தில் இருக்கிற நாடுகள். 90களில் லேண்டட் பேப்பர் என்ற குடியேற்றத் தாளை மடித்து வைத்துக்கொண்டு நியூ ஜேர்சிக் கலியாணத்துக்கும் பஃபலோச் சந்தைக்கும் போய்வந்தது அந்தச் சலுகையில்தான். 2003 மார்ச் 17 அன்று அது நின்றுபோனது. 2001 செப்டெம்பருக்குப் பிறகு இறுகிய பல விஷயங்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு கூட்டம் கனடியக் குடிமக்கள். அவர்கள் லைசன்சைக் காட்டி, சில நேரம் "கனடியன்" என்று வாயால் சொல்லி மட்டும் போன காலம் உண்டு. வாய்ச்சொல்லை மட்டும் நம்பி விடுவது 2008 ஜனவரி 31ஓடு முடிந்தது. 2009 ஜூன் 1 முதல் தரைவழிக்கும் பாஸ்போட் அல்லது அதற்கு ஈடான காட் வேண்டும். ஒன்ராறியோ கொஞ்சக் காலம் கொடுத்த விசேஷ லைசன்ஸ் அந்த ஈடான காட்டுகளில் ஒன்று. 2019இல் மாகாணம் அதையும் நிறுத்திவிட்டது. "லைசன்சோடு போனேன்" என்று யாராவது சத்தியம் செய்தால், எந்த லைசன்ஸ், எந்த வருஷம், அப்போது அவர் குடிமகனா என்று மூன்றையும் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள். நீலக் கனடியப் பாஸ்போட் வந்த அன்றே விசா என்று ஒன்று உலகத்தில் இருப்பதை மறந்துவிடுவது எங்கட சனத்தின் வழக்கம். மறந்தபடியே புதிதாக வந்தவனுக்கு ஆலோசனையும் சொல்வார்கள்.

விசாவுக்கு டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 அமெரிக்க டொலர் கட்டி, ரொறன்ரோவில் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்முகத்துக்குத் திகதி எடுக்க வேண்டும். மறுத்தாலும் காசு திரும்பி வராது. நாலு மாதமே ஆன ஒருவரிடம் அதிகாரி பார்ப்பது, நீங்கள் கனடாவுக்குத் திரும்பி வருவீர்களா என்பதை. நிரந்தர வேலைக் கடிதம், சம்பளத் துண்டுகள், வாடகை ஒப்பந்தம், இங்கே இருக்கும் குடும்பம் எல்லாம் அதற்குத்தான். இவை கையில் இல்லாமல் அவசரப்பட்டு விண்ணப்பிக்க வேண்டாம். ஒருமுறை மறுத்தால், பின்னால் நிரப்புகிற ஒவ்வொரு அமெரிக்கப் படிவத்திலும் "எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா" என்ற இடத்தில் ஆம் என்று எழுத வேண்டிவரும். கனடியப் படிவங்களும் அதைக் கேட்கும். ஒரு நாள் கடைத்தெருவுக்காக அந்தக் கறையை வாங்குவது வீண். வருகிற லோங் வீக்கென்டுக்குள் இது நடக்கும் என்ற எண்ணத்தையும் விடுங்கள்.

நீங்கள் எந்த வழியால் பிஆர் பெற்றீர்கள் என்று எழுதவில்லை. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு வந்தவர் என்றால், மற்றதை விட்டாலும் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். அமெரிக்க விசா குத்துவதற்காக இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பிக்கப் போகாதீர்கள். எந்த அரசிடமிருந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ, அதே அரசின் பாதுகாப்பை நீங்களாகவே மீண்டும் எடுத்துக்கொண்டீர்கள் என்று அதைக் காட்டி, கனடிய அரசு உங்கள் அகதி நிலையை முடிக்கக் கேட்கலாம். முன்பெல்லாம் அது நடந்தாலும் பிஆர் தப்பும். 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு, அந்தக் காரணத்தால் அகதி நிலை முடிந்தால் பிஆரும் சேர்ந்து போகும். உங்களுக்கு உரியது கனடா கொடுக்கும் அகதிப் பயண ஆவணம். அமெரிக்க விசாவை அதில் கேட்கலாம். "இவர் புதுப்பித்தார், கொழும்புக்கும் போய்வந்தார், ஒன்றும் நடக்கவில்லை" என்று ஒரு கதை எல்லா விருந்திலும் வரும். நடந்தவன் விருந்துக்கு வந்து சொல்ல மாட்டான். ஏற்கெனவே புதுப்பித்துவிட்டீர்கள் என்றால், எங்கும் பயணம் போகமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். அரசாங்க உரிமம் இல்லாத ஆலோசகர்மாரிடம் அல்ல.

குடியுரிமை எடுத்தால் இந்தத் தலையிடி முழுக்க நீங்கும். கடந்த ஐந்து வருஷத்தில் 1,095 நாள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும், வரிக்கணக்கு, மொழி, பரீட்சை என்ற நிபந்தனைகளும் உண்டு. அதற்குப் பிறகு கனடியப் பாஸ்போட் ஒன்றே காணும், விசாவும் இல்லை, ஐ-94உம் இல்லை.

விசா கிடைத்த பிறகு பாலத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஐ-94இல்தான் மாட்டுவார்கள். விமானத்தில் போனால் அது தானாகப் பதிவாகும். தரைவழியில் நீங்களே காசு கட்டி எடுக்க வேண்டும். நெடுங்காலம் 6 டொலராக இருந்தது, 2025 செப்டெம்பர் கடைசியில் 30 டொலராக ஏறியது. போவதற்கு 7 நாளுக்குள் அமெரிக்க எல்லைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பித்துக் கட்டிவிடுங்கள். எல்லை அதிகாரியின் பூத்தில் வேலை குறையும். ஆனாலும் காரை ஓரமாக நிறுத்தி உள்ளே போய்க் கைரேகை, படம் கொடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு ஒருவருக்காகக் காரில் உள்ள எல்லாரும் காத்திருப்பார்கள். கனடியப் பாஸ்போட் வைத்திருக்கிற சிநேகிதர்களுக்கு இதை முதலே சொல்லிவிடுங்கள், பாலத்தில் வைத்து முகம் தூக்காமல் இருப்பார்கள். கிடைத்த பதிவு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு இருக்கும், அதற்குள் மறுபடி தரைவழியாகப் போனால் அதையே காட்டலாம். அச்செடுத்துப் பாஸ்போட்டுக்குள் வையுங்கள். விசா பழைய பாஸ்போட்டில் இருந்தால், கிழியாமல் இருக்கும்வரை அது செல்லும், பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

நெக்ஸஸ் காட் (முன்கூட்டியே பரிசோதித்த பயணிகள் எல்லையை விரைவாகத் தாண்டுவதற்கான காட்) வைத்திருக்கும் ஒருவரின் காரில் ஏறி அவருடைய பாதையில் போகலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாதையில் காரில் உள்ள ஒவ்வொருவரிடமும், கைக்குழந்தையிடம் கூட, சொந்தக் காட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய காட்டும் பறிபோகலாம். பிஆர் ஆளுக்கு நெக்ஸஸ் கிடைத்தாலும் அது விசாவுக்குப் பதில் ஆகாது. நயாகராவில் உள்ள வேர்ல்பூல் பாலம் முழுக்க நெக்ஸஸ்காரருக்கு மட்டுமானது.

விசா இல்லாமல் நயாகரா பார்க்க மட்டும் போகிறவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கியூஈடபிள்யூ நெடுஞ்சாலை ஃபோர்ட் ஈரியில் பீஸ் பாலத்தில் போய் முடிகிறது. 405 நெடுஞ்சாலை குயின்ஸ்டன் பாலத்துக்குப் போகிறது. நகரத்துக்குள் வழிகாட்டிச் செயலி ரெயின்போ பாலத்தில் கொண்டுபோய் விடும். கனடாவின் கடைசி வெளிவழி என்ற பலகையைத் தவறவிட்டால் பாலத்தில் காரைத் திருப்ப முடியாது, அமெரிக்கப் பூத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதிகாரி கேட்கமுன் நீங்களே "வழி தவறி வந்துவிட்டோம், உள்ளே வரும் நோக்கம் இல்லை" என்று சொல்லுங்கள். பரிசோதித்து, திருப்பி அனுப்புவார்கள். பிறகு கனடியப் பூத்தில் பிஆர் காட் காட்ட வேண்டும். அருவி பார்க்கப் போனாலும் பாஸ்போட்டும் பிஆர் காட்டும் பையில் இருக்கட்டும்.

திரும்பும்போது சொந்தக் காரில் வந்தால், பிஆர் காட் இல்லாவிட்டாலும் லேண்டிங் பேப்பரையும் (பிஆர் கிடைத்ததை உறுதிசெய்யும் தாள்) பாஸ்போட்டையும் காட்டி உள்ளே வரலாம், கொஞ்சம் தாமதமாகும். பஸ்ஸும் ரயிலும் அப்படியில்லை, காட் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள்.

வாங்கிய சாமானைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 24 மணித்தியாலத்துக்குள் திரும்பினால் வரிவிலக்கு என்று ஒன்றும் கிடையாது. 24 மணித்தியாலம் தாண்டினால் 200 கனடிய டொலர், 48 தாண்டினால் 800. அந்த 200ஐ ஒரு டொலர் தாண்டினாலும் முழுத்தொகைக்கும் வரி. பஃபலோவில் கடையிலேயே சாதாரணமாக 8.75 வீதம் விற்பனை வரி கட்டியிருப்பீர்கள், எல்லையில் ஒன்ராறியோவின் 13 வீதம் வேறு. சப்பாத்துக்கு, எந்த நாட்டில் செய்தது என்பதைப் பொறுத்து, சுங்கத் தீர்வையும் வரலாம். விலைத் துண்டைக் கிழித்துப் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வருகிற கெட்டித்தனம் எங்கட ஆக்களிடம் உண்டு. பிடிபட்டால் சாமான் போகும், பெயரும் பதிவாகும், பிறகு ஒவ்வொரு முறையும் காரைத் திறந்து கொட்டுவார்கள். போகும்போது கறிவேப்பிலை, எலுமிச்சை, மாம்பழம் வேண்டாம். கஞ்சா கனடாவில் 2018 முதல் சட்டபூர்வம், ஆனாலும் எந்தத் திசையிலும் எல்லை தாண்டக் கூடாது. சிநேகிதனின் காரில் ஒரு கஞ்சாத் துண்டு கிடந்தாலும் விசாவோடு போகிற உங்களுக்குத்தான் கெடுதல்.

எந்தப் பாலம் என்று கேட்டீர்கள். காத்திருப்பு நேரத்தை இரு நாட்டு எல்லைத் திணைக்களங்களும் இணையத்தில் போடுகின்றன, கிளம்பமுன் பாருங்கள். லோங் வீக்கென்டில் எல்லாமே நெரிசல்தான்.

விசா எடுத்துப் போகத் தொடங்கியதும், ஒருநாள் பயணம் உட்பட ஒவ்வொரு போக்குவரத்தின் திகதியையும் பாலத்தின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நீங்கள் உள்ளே நுழைந்த பதிவை அமெரிக்கா கனடாவுக்குக் கொடுக்கிறது, அது இங்கே நீங்கள் வெளியேறிய பதிவு ஆகிறது. பிஆர் ஆக்களின் தரைவழிப் பதிவுகள் 2013 முதல் இப்படிப் பரிமாறப்படுகின்றன. காலையில் போய் இரவு வந்த நாளால் குடியுரிமைக் கணக்கில் நாள் குறையாது. ஆனால் நீங்கள் குடியுரிமைப் படிவத்தில் எழுதாத பயணம் கனடிய அரசின் பதிவில் இருந்தால், கேள்விக் கடிதம் வரும், விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.