சிற்றிதழ் என்றால் என்ன? ‘எழுத்து’ ஏன் இன்றும் பேசப்படுகிறது?

லாபத்தை எதிர்பார்க்காமல், இலக்கிய ஆர்வத்தால் சிலர் கைக்காசு போட்டு நடத்தும் பத்திரிகைதான் சிற்றிதழ். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையில் தொடங்கிய ‘எழுத்து’ அப்படிப்பட்டது.

ஏன் தனியாக ஒரு இதழ்? அதிகம் விற்கும் வார இதழ்கள் எல்லோருக்கும் பிடித்ததைத்தான் போட்டாக வேண்டும். யாப்பை உதறிய புதுக்கவிதைக்கும் கறாரான விமர்சனத்துக்கும் அங்கே பெரிதாக இடமில்லை. சிற்றிதழ் நாற்றங்கால் மாதிரி. சின்ன இடம்தான், ஆனால் பயிர் முளைவிடுவது அங்கேதான். ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா (சுந்தர ராமசாமி), இலங்கையின் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு (பிரமிள்) எல்லாம் ‘எழுத்து’ இதழில் கவிதை எழுதினார்கள். அந்தக் கவிதைகள் 1962-இல் ‘புதுக்குரல்கள்’ என்று தொகுப்பாகவும் வந்தன. செல்லப்பா புத்தக மூட்டையைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

1970-இல் நின்றுபோனதால் இதைத் தோற்ற பத்திரிகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது தொடங்கிய வேலை நின்றுவிடவில்லை; அதே ஆண்டிலேயே ‘கசடதபற’ என்ற இன்னொரு சிற்றிதழ் வந்துவிட்டது.