கேம் சர்வர்களுக்கு இலவசமாக ஒரு மாடரேஷன் பிளகின் எழுதி வெளியிட்டால், அதை எத்தனை நாள் பராமரிக்க வேண்டியிருக்கும்?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: மைன்கிராஃப்ட் சர்வருக்கு பேன் (உள்ளே வரத் தடை), மியூட் (அரட்டையில் பேசத் தடை), கிக் (வெளியே தள்ளுவது) செய்யும் பிளகின், அதாவது சர்வரோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல் ஒன்றை எழுதி முடித்துவிட்டீர்கள். இலவசமாக வெளியிட ஆசை. ஒருமுறை போட்டுவிட்டால் போதுமா, தொடர்ந்து அப்டேட் செய்ய வேண்டுமா என்று தெரியவில்லை. கல்லூரி மாணவர் என்று நினைக்கிறேன். செமஸ்டர் லீவில் எழுதியிருப்பீர்கள், ரெஸ்யூமில் ஒரு வரி சேரட்டும் என்றும் இருக்கலாம். அதில் தப்பே இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நான் வட சென்னை, தண்டையார்பேட்டைக்காரன். 2019-ல் இதே மாதிரி ஒரு பிளகினை வெளியிட்டேன். பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் விளம்பரம் செய்கிறான் என்று யாராவது எழுதுவார்கள். எழுதி முடிக்கப் பதினோரு நாள் ஆனது. அப்டேட் செய்யும் வேலை இன்றுவரை முடியவில்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் முடியவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு இறங்குகிறார்கள்.

கேம் புதிய வெர்ஷன் விட்டால் நாமும் விட வேண்டும், அதுதான் சுமை என்று பலரும் நினைக்கிறார்கள். அது இருக்கத்தான் செய்கிறது. 2021-ல் 1.17 வந்தபோது சர்வர் ஓடத் தேவையான ஜாவா மென்பொருளின் 16-ஆம் பதிப்பு வேண்டும் என்றானது, அதே வருஷம் 1.18-க்கு ஜாவா 17, 2024-ல் 1.20.5-க்கு ஜாவா 21. 2022-ல் 1.19 வந்தபோது அரட்டைச் செய்திகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் வந்தது. செய்தியைத் தடுப்பதும் திருத்துவதும் நம் வேலை என்பதால் அந்தப் பகுதியை முழுக்க மறுபடி பார்த்தேன். இதெல்லாம் ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

உண்மையான சுமை வேறு. வானவேடிக்கை காட்டும் பிளகின் கெட்டுப்போனால் வேடிக்கை வராது, அவ்வளவுதான். நம்முடைய பிளகின் கெட்டுப்போனால் தப்பே செய்யாத ஒரு பையன் வெளியே நிற்பான், இல்லையென்றால் வெளியே நிற்க வேண்டியவன் உள்ளே வந்துவிடுவான். என் பிளகினால் முதலில் சொன்னது நடந்தது, என் தெருவிலேயே.

2022 கோடை விடுமுறை. எங்கள் பகுதிப் பையன்கள் நிறைய பேர் ஒரு சின்ன சர்வரில் விளையாடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி நடத்திய சர்வர், என் பிளகின்தான் ஓடியது. அது ஆஃப்லைன் மோட் சர்வர், அதாவது காசு கொடுத்து வாங்கிய கணக்கு இல்லாதவர்களும் உள்ளே வரலாம். திருட்டு விளையாட்டை ஆதரிக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். ஒரிஜினல் கேமின் விலை இந்தப் பையன்களின் அப்பாவுக்குச் சில நாள் கூலி. சரியா தப்பா என்று நான் வாதிடவில்லை, நிலைமையைச் சொல்கிறேன்.

ஆஃப்லைன் மோடில் ஒரு சிக்கல் உண்டு. ஒரிஜினல் கணக்கு என்றால் ஒவ்வொருவருக்கும் மாறாத ஒரு யூயூஐடி எண் இருக்கும். 2015-லிருந்து பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எண் அதேதான். அதனால் எண்ணை பேன் செய்தால் பேன் நிற்கும். ஆஃப்லைன் மோடில் அந்த எண்ணே பெயரிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் புது ஆள். ஒருத்தன் லாவா ஊற்றி நாலு வீட்டை எரித்துவிட்டு, பேன் ஆன அடுத்த நிமிஷம் பெயருக்குப் பின்னால் ஒரு சைபரைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்பான். சர்வர் நடத்துபவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இதற்கு வழி பண்ணுங்கள்.

பண்ணினேன். பேன் ஆனவனின் ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் முகவரி எண்) வேறு பெயரில் யாராவது நுழைந்தால் அந்தப் பெயரையும் தானாக பேன் செய்யும் வசதி. அதோடு நிறுத்தாமல், புதிதாக பேன் ஆனவன் அதற்கு முன் வந்துபோன ஐபிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினேன். என் வீட்டில் இரண்டு கணினி வைத்துச் சோதித்தேன். அழகாக வேலை செய்தது. வெள்ளிக்கிழமை இரவு வெளியிட்டேன்.

ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்றான். எட்டாவது படிக்கிறவன். அவன் அக்காவுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான், சார்ஜர் ஒயர் தரையில் இழுபட்டது. திறந்து காட்டினான். சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

"அண்ணா, பேன் எவேஷன்னா இன்னாண்ணா? நான் இன்னா பண்ணேன்?"

தடையை ஏமாற்ற முயன்றதற்காக நிரந்தரத் தடை என்று அந்த வரிக்கு அர்த்தம். அதை எழுதியவன் நான். அந்தப் பையன் இரண்டு மாதமாக உட்கார்ந்து அந்த சர்வரில் ஒரு துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தான், காசிமேடு மாதிரியே, வரிசையாகப் படகுகளோடு. என்னிடம் பலமுறை காட்டியிருக்கிறான். பின்னாலேயே அவன் அம்மா வந்தார். "இன்னா தம்பி, அது உன் கையிலதான் இருக்குதாமே. காலைல இருந்து புள்ள சரியா துன்னல" என்றார். கோபமாகக்கூட சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் பக்கம் பல வீடுகளுக்கு லோக்கல் கேபிள்காரர் கொடுக்கும் இணைப்பு. இருக்கிற பழைய வகை ஐபி முகவரிகளே மொத்தம் 429 கோடிதான், உலகத்துக்கே அது பத்தாது. அதனால் இணைப்பு கொடுப்பவர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறைய வீடுகளை வைக்கிறார்கள். மொபைல் டேட்டாவிலும் அப்படித்தான். இதில் யார் மீதும் குற்றம் இல்லை, வழக்கமான ஏற்பாடு. லாவா ஊற்றிய பையனும் எங்கள் தெருவும் ஒரே முகவரியில் இருந்தோம். அவன் பேன் ஆனதும் அன்று உள்ளே வந்த ஒவ்வொருவனும் பேன். அவர்களில் ஒருவன் எப்போதோ மாமாவின் ஹாட்ஸ்பாட்டில் விளையாடியிருக்கிறான், அந்த மொபைல் முகவரியும் பட்டியலுக்குப் போனது. அங்கிருந்து முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள். இன்னொருவன் ஒரு கேமிங் சென்டரில் மணிக்கணக்கு கொடுத்து விளையாடியவன், அந்த சென்டரே போயிற்று. ஒன்றரை நாளில் 63 பேர்.

சரி, எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அடுத்த அடி. எந்த பேன் எதனால் விழுந்தது என்று நான் பதிந்து வைக்கவேயில்லை. செய்தவர் என்ற இடத்தில் கன்சோல் (சர்வரின் கட்டளைத் திரை) என்று மட்டும் இருந்தது. அட்மின் நேரடியாக கன்சோலில் தட்டிய நியாயமான பேன்களிலும் அதேதான் இருந்தது. மொத்தமாக நீக்கினால் உண்மையான தொல்லைக்காரர்களும் திரும்பி வருவார்கள். சர்வரின் லாக் ஃபைல்களைத் திறந்து, நேரத்தை ஒப்பிட்டு, ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். விடியற்காலை நாலரை மணிக்கு மீன் வாங்கப் போகிறவர்களின் டிவிஎஸ் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது 63-ல் 58 பேரைத் திரும்ப எடுத்திருந்தேன். மீதி ஐந்து பேரை அந்தத் தம்பியிடம் கேட்டு முடிவு செய்தோம்.

இப்போது என் பிளகின் ஐபி ஒற்றுமையை வைத்து யாரையும் தானாக பேன் செய்யாது. இந்த முகவரியில் இன்னின்ன பெயர்கள் வந்திருக்கின்றன என்று அட்மினுக்கு மட்டும் சொல்லும். மூன்று பெயருக்கு மேல் இருந்தால் இது பகிர்ந்த முகவரியாக இருக்கலாம் என்று அதே செய்தியில் எச்சரிக்கும். ஒவ்வொரு தண்டனையோடும் யார், எப்போது, ஏன், எந்த விதியால், பிளகினின் எந்த வெர்ஷனில் என்று ஐந்தும் பதிவாகும். ஒரு விதியால் விழுந்த அத்தனை பேன்களையும் ஒரே கட்டளையில் திரும்ப எடுக்கலாம். பெரிய சர்வர் நடத்துபவர்கள் இதைப் படித்துவிட்டு ஐபி பேன் இல்லாமல் சமாளிக்கவே முடியாது என்பார்கள். உங்கள் சர்வரில் நீங்களே கைப்பட போடுங்கள், நான் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிரல் போடக்கூடாது என்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கத் தப்பும் செய்திருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பேன் விவரங்களை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்திலிருந்து மைஎஸ்கியூஎல் என்ற இன்னொன்றுக்கு மாற்றும் வசதியில் நேரத்தை ஓர் இடத்தில் விநாடியாகவும் இன்னோர் இடத்தில் மில்லி விநாடியாகவும் எடுத்துக்கொண்டேன். ஏழு நாள் என்பது 6,04,800 விநாடி. அதையே மில்லி விநாடியாகப் படித்தால் பத்து நிமிஷம். வார பேன் வாங்கியவன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். தரவு அமைப்பை மாற்றும் அப்டேட் எதுவானாலும் முதலில் பழைய ஃபைலை அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். இதில் சமரசமே வேண்டாம்.

அப்புறம் கெட்ட வார்த்தை வடிகட்டி. நீங்கள் சேர்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. சேர்த்திருந்தால் சொல்லின் நடுவில் தேடாதீர்கள், முழுச் சொல்லாக மட்டும் தேடுங்கள். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். நாய் என்று திட்டுவதை என், ஏ, ஐ என மூன்றெழுத்தில் எழுதுவார்கள் என்று அதைப் பட்டியலில் போட்டால், சென்னை என்று ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி மூன்றெழுத்தும் அதேதான். எந்த ஊர் என்று கேட்டதற்கு பதில் சொன்னவனெல்லாம் மியூட் ஆனான். 1996-லேயே இங்கிலாந்தில் ஸ்கந்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் போனது. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவிலும் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஒருவர் நல்லெண்ணத்தோடு எனக்குத் தமிழ்க் கெட்ட வார்த்தைப் பட்டியல் ஒன்று அனுப்பினார், 200 சொல்லுக்கு மேல். அதில் உண்மையான வசவுகளுக்கு நடுவில் நைனா இருந்தது, பேஜார் இருந்தது, குந்து இருந்தது, நாஸ்டா இருந்தது. நைனா என்பது அப்பா, தெலுங்கிலிருந்து வந்தது. நாஸ்டா காலைச் சாப்பாடு, பேஜார் என்றால் சலிப்பு, இரண்டும் உருதுவிலிருந்து வந்தவை. குந்து என்றால் உட்கார், எந்தத் தமிழ் அகராதியிலும் இருக்கும். துறைமுகத்துக்கும் மில்லுக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்த பல மொழிக்காரர்கள் ஒரே தெருவில் வாழ்ந்து உண்டான பேச்சு இது. என் அம்மா எனக்குச் சோறு போடும்போது பேசுகிற பேச்சு. ஏன் இவற்றைச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். "டீசண்டா இருக்காதே ப்ரோ" என்றார். வேலைக்கான நேர்காணலில் நான் வாய் திறந்ததும் எதிரில் இருந்தவர் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். வீடு எங்கே என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் அடுத்த கேள்விக்குத் தாவியதையும் பார்த்திருக்கிறேன். அதையே என் பிளகினும் செய்ய நான் விடமாட்டேன். அந்தப் பட்டியலில் 40 சொல்லை நீக்கிவிட்டுத்தான் சேர்த்தேன்.

நன்றி கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். கிடைக்கும், ஆனால் எதிர்பார்க்கும் நேரத்தில் கிடைக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனோம். சரியாக 5-ஆம் தேதி கேமின் 1.20.3 வெளியானது, 7-ஆம் தேதி 1.20.4. கரண்ட் வந்து திறந்து பார்த்தால் இந்தப் பிளகின் செத்துவிட்டதா, பொறுப்பில்லாதவன் என்று வரிசையாகச் செய்திகள். எழுதியவர்களில் ஒருவர்கூட ஒரு பைசா கொடுத்தவரில்லை. கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு மெழுகுவத்தியை அணைத்துவிட்டு அப்டேட்டை முடிக்க உட்கார்ந்தேன். அந்தச் செய்திகளுக்குப் பயந்து உட்காரவில்லை. அந்த சர்வர்களில் எல்லாம் எங்கேயோ ஒரு பையன் துறைமுகம் கட்டிக்கொண்டிருப்பான்.

அதனால் வெளியிடுங்கள். ஆனால் முதல் பதிப்பில் பேன், மியூட், கிக், தண்டனை நீக்கம், பதிவேடு, இந்த ஐந்தோடு நிறுத்துங்கள். தானாகத் தண்டிக்கும் எதையும் ஆறு மாதத்துக்குச் சேர்க்காதீர்கள். தரவுத்தளக் கேள்விகளை மெயின் த்ரெட்டில், அதாவது கேமையே ஓட்டும் முக்கிய வரிசையில், ஓடவிடாதீர்கள். சர்வர் கேமை ஒரு படி நகர்த்துவது ஒரு டிக், விநாடிக்கு 20 டிக், ஒரு டிக்குக்கு 50 மில்லி விநாடிதான், அதை நீங்கள் தின்றால் மொத்த சர்வரும் இழுக்கும். வெள்ளிக்கிழமை இரவு எதையும் வெளியிடாதீர்கள். சனி ஞாயிறில்தான் பையன்கள் எல்லாரும் விளையாடுவார்கள், தப்பு இருந்தால் அப்போதுதான் அதிகம் பேரை அடிக்கும். நான் செவ்வாய் இரவில் வெளியிடுகிறேன். அதற்கு முந்தைய நாள் பக்கத்து வீட்டுப் பையன் வந்து சோதனை சர்வரில் ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்ப்பான். இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டான். போன மாதம் அவன் கண்டுபிடித்த ஒரு பிழையை, கமிட்டில் (நிரல் மாற்றத்தின் பதிவில்) அவன் பெயர் போட்டுத்தான் சரிசெய்தேன்.